மூடி வைத்த வட்டம்

உன் மடிக்கணினிப் பையைத் திறந்ததும் மூன்று முறை தும்மினேன். முன்பக்கத்து ஜிப்புக்குள் மிளகாய்த்தூள் சிந்திக் கிடந்தது. உங்கள் வீட்டுத் தூள், கறுக்க வறுத்து இடித்தது. சனிக்கிழமைகளில் எனக்கென்று ஒரு பொட்டலம் கட்டி, கணினியோடு சேர்த்து அதே பைக்குள் திணித்துக்கொண்டு வருவாய். "பொட்டலம் ஒடைஞ்சா கம்ப்யூட்டர் செத்துரும்டி" என்று நான் சொல்லாத வாரம் கிடையாது. பொட்டலம் என்றைக்கோ உடைந்திருக்கிறது. கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை. நீ போய்த்தான் பத்து மாதம் ஆகிறது.

பையைக் கொண்டுவந்து கொடுத்தது உன் மகள் சுபா. போன வாரம், வேலைக்குப் போகும் வழியில் காரை வாசலிலேயே ஓடவிட்டுவிட்டு இறங்கி வந்தாள். "ஆன்ட்டி, அம்மாவோட ஆராய்ச்சிப் பேப்பர் அச்சுக்குப் போகுதாம். நீங்க ஒருவாட்டி பாத்து ஓகே சொன்னா போதுமாம். மொத வருஷ ஆட்டைத் திவசத்துக்கு நெனவு மலர் போடுறோம்லா, பேப்பரோட மொதப் பக்கத்த அதுல போட்டுரலாம்னு இருக்கேன். அம்மா பேரு மொதல்ல இருக்கு, பாத்தீங்களா?" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நானும் சரி என்று தலையாட்டி அனுப்பிவிட்டேன். அப்புறம் மூன்று நாள் அந்தப் பையை நாற்காலியில் வைத்துவிட்டு, அதைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தேன்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. நேரில் சொல்ல வாய்ப்பு இருந்தபோது சொல்லவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நாம் இரண்டு பேரும் கோப்பெங் பக்கத்து ஒரே ரப்பர் தோட்டத்தில் பிறந்தோம் என்று யாராவது சொன்னால் நீ உடனே திருத்துவாய். "ஒரே தோட்டம், வேற வேற வீடு." உன் அப்பா தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி. மேட்டில் பலகை வீடு, முன்னால் ரோஜாச் செடி. என் அம்மா ரப்பர்ப் பால் வெட்டுக்காரி. நாங்கள் கீழே, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில். உனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போதே என் அம்மா உன்னை "வாங்க, போங்க" என்றுதான் கூப்பிடுவாள். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். இடைநிலைப் பள்ளிக்குப் போகிற தோட்டத்து லாரியில் ஒரு நாள் நீ என் பக்கம் திரும்பி, "இன்னொருவாட்டி நீங்கன்னு சொன்னா லாரிலேர்ந்து தள்ளிவுட்ருவேன்" என்றாய். அன்றிலிருந்து "நீ". உன் அண்ணன்மாரோடு இங்கிலீஷ், அம்மாவோடு யாழ்ப்பாணத் தமிழ், என்னோடு லயத்துத் தமிழ் என்று மூன்றையும் வைத்துக்கொண்டு திரிந்தாய். ரொம்ப முக்கியமான விஷயம் என்றால் மட்டும் என்னிடமும் "ஆமா"வுக்குப் பதில் "ஓம்" வந்துவிடும்.

நீ ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சுப் பிரிவில் இயற்பியலாளர் ஆனாய். நான் ஈப்போவில் பள்ளிக்கூடத்து இயற்பியல் வாத்தியார் ஆனேன். முப்பது வருஷம் கல்யாணத்திலும் சாவு வீட்டிலும் மட்டும் பார்த்துக்கொண்டோம். இரண்டு பேருக்கும் ஓய்வு வந்தபிறகு, சனிக்கிழமை பாசாரில் காய்கறி வாங்கிவிட்டு அந்த மூலைக் காப்பிக்கடையில் உட்கார ஆரம்பித்தோம். மற்ற பெண்கள் மருமகளைப் பற்றிப் பேசும் வயதில் நீ பால்வீதியின் நடுவைப் பற்றிப் பேச ஆரம்பித்தாய். நீ சொன்னதை நான் ஆரம்பத்திலேயே நம்பவில்லை. அதனால்தான் உனக்கு என்னைப் பிடித்தது என்று நினைக்கிறேன்.

உனக்குத் தெரிந்ததை உனக்கே எழுதுவது அசட்டுத்தனம்தான். ஆனால் நீ போனபிறகு ஒரு நாள் சுபா கேட்டபோது அவளுக்கு நான் எப்படி விளக்கினேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். தப்பாகச் சொல்லியிருந்தால் நீ சும்மா விடமாட்டாய்.

பால்வீதியின் நடுப்பக்கத்திலிருந்து காமா கதிர்கள் வருகின்றன என்றேன். விண்ணில் சுற்றும் ஒரு தொலைநோக்கி அவற்றை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பதிந்து வைக்கிறது. அந்தப் பதிவுகளை யார் வேண்டுமானாலும் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம், ஈப்போவின் ஓய்வுபெற்ற கிழவிகள் இரண்டு பேர் உட்பட. நமக்குத் தெரிந்த நட்சத்திரங்கள் அனுப்புவதைக் கழிக்க வேண்டும். இடையில் இருக்கும் வாயு மேகங்களில் விண்கதிர்கள் மோதி உண்டாவதையும் கழிக்க வேண்டும். அதன்பிறகு நடுவில் ஒன்றும் இருக்கக் கூடாது. ஆனால் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அது எங்கிருந்து வருகிறது என்பதில் உலகம் முழுக்க இரண்டு கட்சி. உன் கட்சி கரும்பொருள். கண்ணுக்குத் தெரியாமல், எடையை மட்டும் காட்டிக்கொண்டு விண்மீன் கூட்டங்களைப் பிடித்து வைத்திருக்கும் அந்தப் பொருளின் துகள்கள் இரண்டு முட்டிக்கொண்டால், ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. அந்த அழிவில்தான் காமா கதிர் வருகிறது என்பாய். என் கட்சி பல்சார். மிக வேகமாகச் சுழலும் வயதான நியூட்ரான் நட்சத்திரங்கள் ஆயிரக்கணக்கில் அங்கே இருக்கலாம். தனித்தனியாகப் பார்க்க முடியாத அளவுக்கு மங்கல், மொத்தமாகச் சேர்ந்தால் ஒரு ஒளிர்வு, அவ்வளவுதான் என்பேன் நான்.

வடிவத்தைப் பார்த்தால் ஓரளவு பிடிபடும். கரும்பொருள் என்றால் மிச்சம் உருண்டையாக இருக்க வேண்டும். நட்சத்திரங்கள் என்றால், நடுவில் இருக்கும் பழைய நட்சத்திரக் கூட்டத்தைப் போல, இரண்டு பக்கமும் இழுத்துவிட்ட பெட்டி வடிவத்தில் இருக்க வேண்டும்.

"அப்ப உருண்டைன்னா அம்மா ஜெயிச்சாங்க, பெட்டின்னா நீங்க ஜெயிச்சீங்க" என்றாள் சுபா.

அவ்வளவு சுலபம் என்றால் நமக்கு என்ன வேலை? சிக்கலெல்லாம் வாயு மேகத்தில் இருந்தது. மேகம் எங்கே எவ்வளவு இருக்கிறது என்று மூன்று குழுக்கள் மூன்று வரைபடம் போட்டிருந்தன. எந்த வரைபடத்தை எடுத்துக் கழிக்கிறோமோ, அதற்கேற்ப மிச்சத்தின் வடிவம் மாறும். உனக்கு இதைச் சொல்ல உன் அப்பா கைகொடுத்தார். தோட்டத்துப் பால் ஸ்டோரில் ரப்பர்ப் பால் வாளியைத் தராசில் வைத்துவிட்டு, மிதக்கிற மீட்டரை உள்ளே விட்டு, எவ்வளவு பால், எவ்வளவு தண்ணீர் என்று பார்ப்பாரே. "தண்ணி எவ்வளவுன்னு தெரியாம பால் எவ்வளவுன்னு சொல்ல முடியாதுடி. மேகம்தான் தண்ணி" என்றாய். "மீட்டர யாரு கையில வச்சிருக்காங்கங்கறதுதான் விஷயம்" என்றேன் நான். என் அம்மா அந்த வாளிக்குப் பக்கத்தில் எத்தனையோ வருஷம் நின்றவள். நீ நோட்டை எடுத்து ஒரு விதியை எழுதினாய்.

அது ஆஸ்பத்திரியில் நீ கற்ற பழக்கம். ஒரு நோயாளிக்கு எவ்வளவு கதிர் என்று ஒருவர் கணக்குப் போட்டால், இரண்டாமவர் அந்த விடையைப் பார்க்காமல் தனியாகப் போட வேண்டும். பார்த்துவிட்டால் கை தானாக அந்தப் பக்கம் சாயும் என்பாய். நம் வேலைக்கும் அதையே வைத்தாய். பால்வீதியின் நடுவில் ஒரு பெரிய வட்டத்தை மூடிவிடுவது. அதற்கு வெளியே இருக்கும் வானத்தை மட்டும் வைத்து மூன்று வரைபடங்களில் எது சரியாகப் பொருந்துகிறது என்று தேர்ந்தெடுப்பது. காரணத்தை நோட்டில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவது. அதற்கப்புறம்தான் வட்டத்தைத் திறப்பது, திறந்தபிறகு எதையும் மாற்றக் கூடாது. நிரல் உன் வேலை, ஓட்டிப் பார்த்து நோட்டில் எழுதுவது என் வேலை.

சிறுநீரகம் கெட்டு நீ டயாலிசிஸுக்குப் போக ஆரம்பித்ததும் நம் சனிக்கிழமை அங்கே இடம் மாறியது. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். இடது கையில் இரண்டு ஊசி, வலது கையில் மவுஸ். மற்ற நோயாளிகள் தூங்குவார்கள், இல்லையென்றால் டிவி பார்ப்பார்கள். நீ மேகக் கணக்குப் பார்ப்பாய். நர்ஸ் பெண் ஒருத்தி உன் திரையை எட்டிப் பார்த்து, "ஆன்ட்டி, என்ன கேம் இது?" என்று கேட்டாள். "இன்னும் யாரும் ஜெயிக்காத கேம்லா" என்றாய்.

அடுத்து நடந்ததுதான் நான் சொல்ல வந்தது.

நுரையீரலில் நீர் சேர்ந்து உன்னை ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் படுக்க வைத்தார்களே, அப்போது கணினி என்னிடம் இருந்தது. வெளிவானத்துக் கணக்கை ஓட்டி முடித்து வை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாய். இரண்டாம் நாள் மாலை உன்னைப் பார்க்க வந்தேன். மூக்கில் குழாயோடு படுத்திருந்தாய். என்னைப் பார்த்ததும் முதல் கேள்வி, "எந்த மேப்பு?" டாக்டர் என்ன சொன்னார் என்று சுபா வெளியே வைத்து என்னிடம் சொல்லியிருந்தாள். இதயமும் களைத்துவிட்டது, மாதக் கணக்கில்தான் பேச முடியும் என்று. "இன்னும் ஓடிட்டிருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அது பொய். முடிந்திருந்தது. வெளிவானத்தில் முதல் வரைபடம்தான் கொஞ்சம் முன்னால் இருந்தது, மூன்றாவது அதற்குச் சற்றே பின்னால்.

மறுநாள் மத்தியானம் நல்ல மழை. வீட்டில் தனியாக உட்கார்ந்து வட்டத்தைத் திறந்துவிட்டேன். மூன்று வரைபடத்துக்கும் திறந்தேன். முதலாவதில் பெட்டி. இரண்டாவதில் பெட்டி. மூன்றாவதில் உருண்டை, நீ காப்பிக்கடைத் துடைதாளில் வரைந்து காட்டுவாயே, அதே மாதிரி.

நான் என்ன செய்தேன் என்று சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். வடக்குப் பக்கத்து வானத்தில் பெரிய ஒளி வளைவு ஒன்று இருக்கிறதல்லவா, அதை ஒட்டிய ஒரு பட்டையைக் கணக்கிலிருந்து வெட்டினேன். அந்தப் பட்டையில்தான் முதல் வரைபடம் நன்றாகப் பொருந்தியிருந்தது. வெட்டியதும் மூன்றாவது முன்னால் வந்தது. வளைவின் வெளிச்சம் கசிந்து கணக்கைக் கெடுக்கிறது என்று காரணம் எழுதினேன். கேட்பதற்கு நியாயமான காரணம். நானே பாதி நம்பினேன். முப்பது வருஷம் பிள்ளைகளின் ஆய்வக நோட்டில், விடை தெரிந்தபிறகு எழுதிய அளவுகளைச் சிவப்பு மையில் சுழித்தவள் நான். என்னை யார் சுழிப்பது?

நான் பல்சார் கட்சி என்பதை மறந்துவிடாதே. எனக்காக ஏமாற்றியிருந்தால் பெட்டியைத்தான் எடுத்திருப்பேன், அதுவும் சும்மாவே கிடைத்தது. உன் மாதங்கள் எனக்குத் தெரிந்திருந்தன. அந்த மாதங்களில் உன்னிடம் போய் "உன் கரும்பொருள் இல்லை" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நீ வீட்டுக்கு வந்ததும் நோட்டைக் கேட்டாய். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு முழுசாகப் படித்தாய்.

"ஏன் இந்தப் பட்டைய எடுத்துட்ட?"

"எழுதிருக்கேன்லா. வளைவுலேர்ந்து கசியுது."

"மொதல்லயே தெரியலையா?"

"ஓட்டுனப்பதான் தெரிஞ்சிச்சு."

நீ என்னைப் பார்த்தாய். நான் நோட்டைப் பார்த்தேன். "ஓம், சரி" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாய்.

நீயே வட்டத்தைத் திறந்தாய். திரையில் உருண்டை வந்தது. நீ கத்துவாய் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு, "பாருடி, எவ்வளவு அழகா இருக்கு" என்றாய். வெளிநாட்டில் இருக்கும் அண்ணனுக்குப் போன் போட்டாய். அன்றைக்கு டாக்டர் அனுமதித்த தண்ணீரில் பாதிக்குமேல் அந்த ஒரு காப்பியிலேயே தீர்த்தாய். நான் கூடவே சிரித்தேன். உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. அதையும் மறைக்க மாட்டேன்.

சொல்வதற்கு நீ எனக்கு இன்னொரு வாய்ப்பும் கொடுத்தாய். கட்டுரையை அனுப்புவதற்கு முதல் வாரம், டயாலிசிஸ் இல்லாத ஒரு காலையில், தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றாய். நான்தான் காரோட்டினேன். பார்ப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது? பால்மரம் ஒன்றுகூட இல்லை, பாதி எண்ணெய் எடுக்கும் செம்பனை, பாதி புதுத் தாமான் வீடுகள். உங்கள் மேட்டு வீடு இருந்த இடத்தில் யாரோ வாழை போட்டிருந்தார்கள். பால் ஸ்டோரின் சிமெண்டுத் தரை மட்டும் அப்படியே இருந்தது. நீ காரிலிருந்து இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு அந்தத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"உங்கம்மா எங்கப்பா முன்னால ஒருநாளும் இல்லன்னு சொன்னதில்ல, தெரியுமா?" என்றாய். "அவரு பாலுல தண்ணின்னா, ஆமாங்கய்யா. தண்ணி இல்லன்னா, ஆமாங்கய்யா. ஆனா லயத்துல அவருக்கு என்ன பேரு வச்சிருந்தீங்கன்னு எனக்குத் தெரியும்."

"என்ன பேரு?"

"தண்ணிக் கிராணி."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நீயும் சிரித்தாய். சிரித்து முடித்துவிட்டு, "அப்பாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. எல்லாரும் தன் கணக்க ஒத்துக்கிட்டாங்கன்னு நெனச்சிட்டே போயிட்டாரு. பாவம்லா" என்றாய். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ எங்கிட்ட இல்லன்னு சொல்லுவதான?" என்று கேட்டாய்.

"சொல்லுவேன்" என்றேன்.

இதைவிட வெளிப்படையாக யாரும் கேட்க முடியாது. பட்டையைப் பற்றித்தான் கேட்டாயா, பொதுவாகக் கேட்டாயா, எனக்கு இன்றுவரை தெரியவில்லை. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. கியரைப் போட்டு வண்டியைத் திருப்பினேன். வரும் வழியில் நீ தூங்கிவிட்டாய்.

கட்டுரை போனது. ஆறு வாரத்தில் நீயும் போனாய். டயாலிசிஸ் நாற்காலியிலேயே, காலையில், அதிகம் சிரமப்படாமல் என்று சொன்னார்கள். உன் காரியமெல்லாம் முடிந்து சில வாரங்களில் ஆய்விதழிலிருந்து மதிப்பீட்டாளரின் கேள்விகள் வந்தன. முகம் தெரியாத அந்த மனிதர் சரியான இடத்தில் விரலை வைத்திருந்தார். அந்தப் பட்டையை நீக்க வேண்டும் என்று எப்போது முடிவு செய்தீர்கள், நடுவைத் திறப்பதற்கு முன்பா பின்பா என்று கேட்டிருந்தார். "முன்பு" என்று எழுதினேன். நோட்டில் தேதியும் இரண்டு கையெழுத்தும் இருப்பதாக எழுதினேன். உன் பெயரும் சேர்ந்திருக்கிற பதிலில், நீ செத்தபிறகு, உன் கையெழுத்தைச் சாட்சிக்கு இழுத்தேன். நான் செய்ததிலேயே இதுதான் கேவலம்.

இந்த வாரம் அச்சுப் பக்கங்கள் முன்னால் இருக்க, நாற்காலியில் உன் பை இருக்க, வேலையை முதலிலிருந்து செய்தேன். பட்டையைத் திரும்பச் சேர்த்தேன். முதல் வரைபடம் முன்னால் வந்தது, பெட்டி வந்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையே இருக்கிற வித்தியாசம் அப்படி ஒன்றும் பெரிதில்லை. நம் கையில் இருக்கும் கணக்கை வைத்து உருண்டையா பெட்டியா என்று அடித்துச் சொல்ல முடியாது. இதுதான் நேர்மையான விடை. இதை நாம் இரண்டு பேரும் சேர்ந்து எழுதியிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். சின்னதாக, சலிப்பூட்டும் ஒரு கட்டுரையாக இருந்திருக்கும், ஆனால் நம்முடையதாக இருந்திருக்கும்.

சுபாவிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போனேன். நினைவு மலருக்கு உன் படங்களை மேசை முழுக்கப் பரப்பி வைத்திருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை அவற்றை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். உன்னைப் போலவே அவளும் கோபம் வந்தால் முதலில் அமைதியாகிவிடுகிறாள்.

"இது யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"வேற யாருக்கும் தெரியாதுல்ல? அப்ப விட்ருங்க, ஆன்ட்டி. வானத்துல என்ன இருக்குங்கறத பெரிய பெரிய ஆளுங்க பாத்துக்குவாங்க. ஈப்போலேர்ந்து போன ஒரு பேப்பர்னால உலகம் ஒண்ணும் கவுந்துராது. அம்மா சந்தோஷமா செத்தாங்க. அதுல கைய வைக்காதீங்க."

"அம்மா பேருல பொய் நிக்குது, சுபா."

"அத நிக்க வச்சது நீங்க. இப்ப எடுக்கறதும் நீங்களா? எங்கம்மா என்ன, உங்க நோட்டா?"

வீட்டுக்கு வந்து ஆய்விதழ் ஆசிரியருக்குக் கடிதம் எழுதினேன். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன், நடுப்பகுதியைப் பார்த்தபிறகுதான் பட்டை நீக்கப்பட்டது, அதைச் செய்தது நான், கட்டுரையின் முதல் ஆசிரியரான உனக்கு அது தெரியாது, மதிப்பீட்டாளருக்கு நான் தந்த பதிலும் பொய். இவ்வளவுதான். எழுதி முடிக்க அரை நாள் ஆனது. அனுப்பும் பொத்தானை அழுத்தினேன்.

இரண்டு நாளில் பதில் வந்தது. நன்றி, கட்டுரை நீக்கப்பட்டது என்று இரண்டே வரி. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

நேற்று சுபா வந்தாள். கோபம் தீர்ந்து வந்தாள் என்று சொல்ல மாட்டேன். காரை இந்த முறை அணைத்துவிட்டு வந்தாள், அவ்வளவுதான். "அந்த ரெண்டு படத்தையும் காட்டுங்க" என்றாள். உன் கணினியைத் திறந்து உருண்டையையும் பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அவளுக்கு இரண்டும் ஒரே மஞ்சள் திட்டாகத்தான் தெரிந்தது. ஓரங்களை விரலால் தொட்டுக் காட்டியபிறகு வித்தியாசம் புரிந்தது. மலரில் என்ன போடுவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை என்றாள். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "இந்தப் பெட்டிய அம்மா பாத்திருந்தா என்ன சொல்லிருப்பாங்க, ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

யோசிக்காமலே என்னால் சொல்ல முடிந்தது. "ச்சே" என்றிருப்பாய். அரைமணி நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாய். அந்த அரைமணியில் யாராவது பேச்சுக் கொடுத்தால் கடித்திருப்பாய். அப்புறம் நோட்டை இழுத்து, நான் எங்கே தப்புவிட்டேன் என்று தேட ஆரம்பித்திருப்பாய். இரண்டு வாரம் தேடுவாய். கிடைக்காது. "சரி, அடுத்தது என்ன?" என்று கேட்டிருப்பாய். சுபா சிரித்தாள். பிறகு வாசல்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். நானும்தான்.

அவள் போனபிறகுதான் எனக்கு உறைத்தது. நீ என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்கு அன்றைக்கும் தெரியும். அந்த மழை பெய்த மத்தியானத்திலும் தெரியும். தெரிந்துகொண்டே, அந்த அரைமணி நேரத்தை உனக்குத் தரவில்லை. வாரம் மூன்று நாள் கையை நீட்டி ஊசி வாங்கிக்கொண்டவள் நீ. புருஷன் செத்த நாலாம் நாளே வேலைக்குத் திரும்பியவள். டாக்டர் உன்னிடமே மாதக் கணக்கு என்று சொன்னபோது, "அதுக்குள்ள பேப்பர் முடியுமா?" என்று கேட்டவள். இவ்வளவையும் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான்.

வானத்தில் வெட்டிய பட்டையை ஆய்விதழ் ஆசிரியரிடம் ஒப்புக்கொண்டாகிவிட்டது. கட்டுரையை அவர்கள் பதிவிலிருந்தும் நீக்கிவிட்டார்கள், அந்தப் பாரம் இறங்கிவிட்டது. இறங்காமல் என்னோடு இருப்பது வேறொன்று. ஒரு பெட்டியைப் பார்க்கிற தெம்பு உனக்கு இல்லை என்று நினைத்துவிட்டேன். நீ அப்படிப்பட்டவள் கிடையாது. மன்னித்துவிடு.